கை தட்டாமல் காத்திருந்தோம்

பினாங்குக்குப் போகிறோம் என்றால் நம்மில் பெரும்பாலோர் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்துவிடுவோம். தண்ணீர்மலை, கொடிமலை, நாசி கண்டார், மாலையில் கடற்கரை. பெருநிலப் பக்கம் காரை நிறுத்துவது பெட்ரோல் போடுவதற்கு மட்டும்தான்.

அந்தப் பெருநிலப் பக்கத்தில் தெலுக் ஆயர் தாவாரில் தொடங்கி, வடக்கே பெனாகாவைத் தாண்டி கோலா மூடா வரை ஒரு கடலோரம் நீள்கிறது. அங்கே வெள்ளை மணல் கிடையாது, குளிக்கவும் முடியாது. கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறு தெரியும். இடையிடையே கண்டல் காடு, மீனவர் கம்போங், படகுத்துறை. வடக்கு முனையில் மூடா ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெடா. அங்கேதான் பிரபலமான 'பாசார் பிசிக்' இருக்கிறது. படகில் வந்த மீனுக்கு விலையைக் கூவிக் கேட்கமாட்டார்கள். மீன்காரரின் காதருகே போய் மெதுவாகச் சொல்வார்கள்.

உலகப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப், இந்தக் கடலோரத்தை முக்கியமான பறவை வாழிடங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. செப்டம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை சைபீரியா, சீனா, கொரியா வழியாக வரும் கரைப்பறவைகள் இந்தச் சேற்றில் இறங்கி இரை தேடும். தமிழில் உள்ளான், கோட்டான், மூக்கன், பச்சைக்காலி, பவளக்காலி என்று அழகழகான பெயர்கள் அவற்றுக்கு உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே பழுப்பும் சாம்பலுமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் வேலை எனக்குப் பிடித்துப்போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். புதிதாக ஒரு கேமரா வாங்கியிருந்தான், பெரிய லென்ஸோடு. "மாமா, மீன்கொத்தி எடுத்து எடுத்து போர் அடிச்சிடுச்சு. ஏதாவது ரேர் பேர்ட் காட்டுங்க" என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

இங்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் முதலில் கடலின் நேர அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். நீர் முழுதாக வற்றியிருந்தால் பறவைகள் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புள்ளிகளாகத் திரியும். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும். பறவைகளும் கரையை நோக்கி நகர்ந்து வரும். அன்று நண்பகல் 12 மணி வாக்கில் நீர் உச்சம். அதனால் 8 மணிக்கே போய்விட்டோம். மேற்கு பார்த்த கரை என்பதால் காலை வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும். எதிரே நிற்கும் பறவையின் நிறம் சரியாகத் தெரியும். பத்தரை, பதினொன்றுக்கு மேல் வெப்பம் ஏறிக் காற்று நடுங்கத் தொடங்கிவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் உதவாது.

படகுத்துறையின் ஓரத்தில் ஸ்கோப்பை நிறுத்தினோம். அங்கே ஒரு மலாய் மீனவப் பெரியவர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "பாக் சிக், இங்கே நிற்கலாமா?" என்று மலாயில் கேட்டேன். "பறவையா?" என்று சிரித்து, வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். "நீர் ஏறினால் அந்தத் திட்டுக்குத்தான் வரும். எல்லா வருஷமும் அங்கேதான்."

அவர் சொன்னபடியே நடந்தது. 9 மணிக்குள் அந்தத் திட்டில் முந்நூறு, நானூறு பறவைகள் கூடிவிட்டன. பெரும்பாலும் பட்டைவால் மூக்கன்களும், கிரேட் நாட் என்ற பெரிய உள்ளான்களும். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன.

9.20க்கு ஸ்கோப்பை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தபோது, திட்டின் ஓரத்தில் ஒரு பறவை மட்டும் தூங்காமல் இருந்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு குடுகுடுவென்று ஓடியது, நின்றது, சட்டென்று ஒரு சிறு நண்டைக் கொத்தியது. மறுபடி ஓடியது. வெளிர் சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. பச்சைக்காலி மாதிரிதான் இருந்தது. ஆனால் பச்சைக்காலிக்கு இருக்கும் அந்த ஒல்லியான, உயரமான நடை இல்லை. கொஞ்சம் கட்டையாக, தலை பெரிதாகத் தெரிந்தது.

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய்வரை வந்த பெயரை விழுங்கிவிட்டேன்.

விழுங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கடலோரத்தில், இதே போன்ற ஒரு காலையில், 'நார்ட்மன் பச்சைக்காலி' பார்த்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். நண்பர்கள் வாழ்த்தினார்கள். இ-பேர்ட் தளத்தில் பதிவும் போட்டேன். சில நாளில் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மரியாதையான ஒரு கேள்வி வந்தது: சாதாரணப் பச்சைக்காலி இல்லை என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்?

என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம். பறவை வயிறுவரை தண்ணீரில் நின்றது. கால் தெரியவில்லை. அலகு வெயிலில் மின்னியது. உண்மையில் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை, ஆசைப்பட்டிருந்தேன். இரண்டு நாள் கோபம் வந்தது. மூன்றாம் நாள் பதிவைத் திருத்தினேன். அந்தக் கேள்வி மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை.

பெயர் விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். நார்ட்மன் பச்சைக்காலி அழிவின் விளிம்பை நெருங்கும் பறவை. உலகத்தில் மொத்தமே 2,000ஐத் தாண்டாது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அலெக்சாண்டர் வான் நார்ட்மன் என்ற பின்லாந்து விலங்கியலாளரின் பெயரைத் தாங்கிய இது, ரஷ்யாவின் தூரக் கிழக்கில், ஒகோட்ஸ்க் கடலோரத்திலும் சக்கலின் தீவிலும் இனப்பெருக்கம் செய்கிறது. கரைப்பறவைகள் பெரும்பாலும் தரையில்தான் முட்டையிடும். இதுவோ லார்ச் மரத்தின் கிளையில் கூடு வைக்கும். 2019இல் ஆய்வாளர்கள் அதன் கூடுகளைத் தேடிக் கண்டுபிடித்த ஓர் இடத்தின் பெயர் ஷ்சாஸ்தியா வளைகுடா. ரஷ்ய மொழியில் 'மகிழ்ச்சி' என்று பொருள்.

குளிர்காலத்துக்கு முன் அது அங்கிருந்து கிளம்பி, மஞ்சள்கடலின் கரைகளில் இறங்கி இளைப்பாறி, தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா பக்கம் வந்து சேர்கிறது. நம்முடைய இந்தச் சேற்றுக்கரையிலும் அது குளிர்காலத்தில் வந்து தங்குவது பதிவாகியிருக்கிறது. ஒன்றோ, இரண்டோ, சில சமயம் இன்னும் சில. ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு நடுவே.

அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "நீயும் போனை வெளிய எடுக்காதே. கையேட்டையும் திறக்காதே. முதல்ல கண்ணால பார்க்கிறதை மட்டும் சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன்.

"ஏன் மாமா? புக்கைப் பார்த்தா உடனே தெரிஞ்சிடுமே?"

"புக்கைப் பார்த்துட்டா, புக்குல இருக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியும்."

அவன் ஸ்கோப்பில் கண்ணை வைத்தான். நான் எழுதினேன். நேரம் 9.30. தூரம் ஏறக்குறைய 120 மீட்டர். வெயில் பின்னால். பக்கத்தில் நிற்கும் மூக்கனைவிடச் சிறியது. அலகு தடிமன், அடிப்பகுதி வெளிர் மஞ்சள், நுனி கருப்பு. இரண்டு நிறம் தெளிவாகத் தெரிகிறது. லேசாக மேல் வளைந்தது மாதிரி. கால் மஞ்சள் கலந்த பச்சை. கால் மடியும் மூட்டுக்கு மேலே தெரியும் பகுதி குட்டை. தலையிலும் கழுத்திலும் கோடுகள் குறைவு. குரல்: கேட்கவில்லை, காற்று அதிகம்.

கேட்காததைக் கேட்கவில்லை என்று எழுதுவதும் குறிப்புதான்.

நல்லவேளையாக அரை மணி நேரத்தில் உண்மையான பச்சைக்காலி ஒன்றும் அதே திட்டில் வந்து இறங்கியது. அக்கா மகனே கண்டுபிடித்தான்: "மாமா, இதோட கால் நீளமா இருக்கு. அலகும் மெலிசா, சாம்பல் கலர்ல இருக்கு." இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி நான்கைந்து படம் எடுத்தான். கண்ணாடி மாதிரி தெளிவான படங்கள் இல்லை. ஆனால் ஓர் அரிய பறவையை அடையாளம் காட்டுவதற்கு அழகான படத்தைவிட, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பறவையும் உள்ள சுமாரான படம் அதிகம் உதவும்.

இன்னும் ஒன்று மீதம் இருந்தது. இந்த இரண்டு பறவைகளையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிரித்துக் காட்டுவது பறக்கும் நேரம்தான். நார்ட்மன் பச்சைக்காலியின் இறக்கையின் அடிப்பக்கம் தூய வெள்ளை. மற்றதற்கு அங்கே மெல்லிய சாம்பல் கோடுகள் இருக்கும். பறக்கும்போது சாதாரணப் பச்சைக்காலியின் விரல்கள் வாலைத் தாண்டி நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். நார்ட்மனுக்குக் கொஞ்சம்தான் நீளும். ஆனால் நம் பறவை பறப்பதாக இல்லை. வயிறு நிறைந்துவிட்டது போலும். மூக்கன்களுக்கு நடுவே போய் நின்று, அலகைச் செருகிக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

மணி 10.15. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"மாமா" என்றான் அக்கா மகன், குரலைத் தாழ்த்தி. "ஒரே ஒரு தடவை கை தட்டினா போதும். எல்லாம் எழும்பிடும். கேமரா ரெடியா இருக்கு. திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்துடும்தானே?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கையும் துறுதுறுத்தது. மூன்று வருடமாக மனத்தில் கிடந்த கேள்விக்கான பதில் ஒரு கைதட்டல் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் காற்று நடுங்க ஆரம்பித்துவிடும். மீண்டும் ஒரு 'உறுதியில்லை' என்று வீட்டுக்குப் போக எனக்கும் மனமில்லை.

ஆனால் அந்தத் திட்டில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தேன். 2022இல் உடலில் கருவி பொருத்தப்பட்ட ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அதுவும் பிறந்து சில மாதமே ஆன இளம் பறவை. அந்த இனத்தின் வேறு பறவைகள்தாம் எங்கள் முன்னால் நின்றன. இவற்றுக்கு உடம்பில் சேரும் கொழுப்புதான் பெட்ரோல். நீர் வற்றியிருக்கும் சில மணி நேரத்தில் தின்று, நீர் ஏறியிருக்கும் சில மணி நேரத்தில் அசையாமல் நின்று அதைச் சேர்க்கின்றன. மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்ப வேண்டும். ஒரு முறை எழுப்பினால் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைப்போம். இன்று நாம், நாளை இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை நாலு பேர், நடுவில் ஒரு நாய். பறவைக்கு அது எல்லாம் ஒரே கணக்கு.

அவை இறங்கி இளைப்பாற இடங்களும் குறைந்து வருகின்றன. தென்கொரியாவில் சேமாங்கம் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடல்சுவரைக் கட்டி, 2006இல் மூடினார்கள். உள்ளே இருந்த பரந்த சேற்றுவெளிக்குக் கடல் வந்து போவது நின்றது. அங்கே தங்கிப் போன கிரேட் நாட்கள் பல்லாயிரக்கணக்கில் குறைந்துபோயின. பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. 2019இல் சீனாவும் 2021இல் கொரியாவும் மஞ்சள்கடலோரத்துச் சேற்றுக்கரைகள் சிலவற்றை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தன.

"வேண்டாம்பா" என்றேன். "நம்ம படத்துக்காக அதை எழுப்ப வேண்டாம். தண்ணியே எழுப்பும். காத்திருப்போம்."

"அதுக்குள்ள போயிடுச்சுன்னா?"

"போயிட்டா, பறக்கிறதைப் பார்க்கலைன்னு எழுதுவோம்."

அவனுக்கு அவ்வளவு திருப்தி இல்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேமராவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நான் ஃபிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். பாக் சிக் வலைக்கு மேலே தலையைத் தூக்கி எங்களைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தார்.

திட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஓரத்தில் நின்ற பறவைகள் ஓரடி, ஈரடி உள்ளே நகர்ந்தன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, கூட்டமான பேருந்தில் இடம் தேடுவது போல முனகின. 11.05க்கு ஓர் அலை திட்டின் நடுவரை ஏறியது. முதலில் கிரேட் நாட்கள் எழும்பின. அடுத்த கணம் முழுக் கூட்டமும். ஒரு பெரிய சால்வையை உதறியது போல இருந்தது. ஒரு பக்கம் திரும்பும்போது வெள்ளை, மறுபக்கம் திரும்பும்போது பழுப்பு. வடக்கே கண்டல் காட்டின் பக்கம் போய்விட்டன.

அக்கா மகனின் கேமரா விடாமல் சடசடத்தது. கூட்டம் மறைந்ததும் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். அறுபதுக்கு மேல் இருந்தன. மூன்றில் மட்டும் நம் பறவை இருந்தது. ஒன்றில் பாதி உடல்தான். ஒன்று முழுக்கக் கலங்கல். மூன்றாவதிலும் தெளிவு குறைவுதான். ஆனால் இறக்கையை மேலே தூக்கியிருந்தது. அடிப்பக்கம் கோடு எதுவும் இல்லாத வெள்ளை. வாலுக்குப் பின்னால் விரல்நுனி மட்டும் தெரிந்தது.

இப்போதுதான் கையேட்டைத் திறந்தோம்.

அன்றிரவு பதிவு எழுத உட்கார்ந்தபோது அக்கா மகனும் பக்கத்தில் இருந்தான். இடம், நேரம், நீரின் நிலை, தூரம், உடன் நின்ற பறவைகள். எண்ணிக்கை: 1. பிறகு அந்தப் பழைய கேள்விக்கான பெட்டி வந்தது. சாதாரணப் பச்சைக்காலி இல்லை என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? இந்த முறை நோட்டில் இருந்ததை அப்படியே வரிசையாக எழுதினோம். அலகு, கால், தலை, இறக்கை, விரல். கேட்காத குரலையும் எழுதினோம். கலங்கிய மூன்று படங்களையும் சேர்த்தோம், வெட்டாமல், மெருகேற்றாமல். மலேசிய இயற்கைக் கழகத்தின் பறவைப் பதிவுக் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். இரண்டு வாரத்தில் பதிவு ஏற்கப்பட்டது. கேள்வி எதுவும் வரவில்லை.

இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு கடலோரத்தை மண் கொட்டி நிரப்பலாமா, வேண்டாமா என்று யாரோ ஒருநாள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலை எடுத்துப் பார்ப்பார்கள். பட்டியலில் எதுவும் இல்லாவிட்டால் அது வெறும் சேறு. பொய்யான பெயர்கள் இருந்தால், ஒன்று பொய் என்று தெரிந்ததும் மற்றவற்றையும் நம்பமாட்டார்கள். அதனால் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பவர், அந்த வரிக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாமல் சேற்றில் நின்று எண்ணும் தன்னார்வலர்கள் செய்வதும் இதைத்தான்.

விருப்பம் உள்ளவர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே அரை மணி நேரம், சற்றுக் கூடுதல். நீர் உச்சத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். சாதாரண பைனாகுலர் போதும். சேற்றில் இறங்காதீர்கள், கால் புதைந்துவிடும், பறவையும் போய்விடும். பறவைகள் தூங்காமல் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் வாருங்கள். பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, கால் என்ன நிறம் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அன்று கிளம்பும்போது பாக் சிக் வலையை மடித்து முடித்திருந்தார். கேமராத் திரையில் அந்தக் கலங்கிய படத்தை அவரிடம் காட்டினான் அக்கா மகன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இவ்வளவு நேரம் இந்த ஒன்றுக்காகவா?" என்றார். பிறகு, "சேறு இருந்தால் அதுவும் வரும், நண்டும் இருக்கும். நானும் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் படகுப் பக்கம் நடந்தார்.

காரில் ஏறியதும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, அந்த மூணாவது படம் கிடைக்காம போயிருந்தா?"

"பச்சைக்காலி வகை ஒண்ணு, எதுன்னு உறுதியில்லைன்னு போட்டிருப்போம்."

"இவ்வளவு பார்த்த பிறகுமா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். பாகான் அஜாம் தாண்டும்போது, "அடுத்த சனிக்கிழமை தண்ணி எத்தனை மணிக்கு ஏறும்?" என்றான்.